பயனர் தவறு என்று நான் எழுதியது

போன வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஈப்போவில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களைத் தவிர வெளியே யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஒரு சின்ன கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கடைவீட்டு மாடியில் ஆபீஸ், மொத்தமே ஐந்து பேர். கீழே சாப்பாட்டுக் கடை என்பதால் பதினொரு மணிக்கெல்லாம் சம்பால் வாசனை மாடி ஏறி வந்துவிடும். எனக்குக் கை வேகம் என்று பெயர். வாய் அதைவிட வேகம். ஆபீசில் யார் எதைச் சொதப்பினாலும் முதல் ஆளாக நக்கல் அடிப்பது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரப்போவது என்னுடைய சொதப்பல்.

சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் ஒரு தர்ம மையத்திலிருந்து எங்களுக்கு வேலை வந்தது. அவர்கள் அதிகாலையில் வேன் அனுப்பி, சுற்றுவட்டார நோயாளிகளை அழைத்து வந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்து, மத்தியானம் திரும்ப வீட்டில் விடுவார்கள். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று போனில் கேட்டுக் கேட்டே அங்கே இருந்த கிளார்க்குக்குத் தொண்டை கட்டிப்போனது. அந்த வேலையை ஒரு ஏஐ உதவியாளரிடம் விடலாம் என்று முடிவானது. நோயாளி வாட்சப்பில் தமிழிலோ மலாயிலோ இரண்டையும் கலந்தோ எழுதினால் போதும். அது புரிந்துகொண்டு வேன் பதிவு செய்யும், மாற்றும், ரத்து செய்யும்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், இல்லாவிட்டால் என் தப்பு புரியாது. ஏஐ தானாக எதையும் தொட முடியாது. நாங்கள் அதற்குச் சில கருவிகளைச் செய்து கொடுப்போம். பதிவு செய்ய ஒன்று, ரத்து செய்ய ஒன்று, இப்படி ஆறு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். இந்தக் கருவி என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது, எந்த விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கருவிக்கு உள்ளே நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன் என்று ஏஐக்குத் தெரியாது. அந்தக் குறிப்பை மட்டும் நம்பித்தான் அது கை வைக்கும்.

கருவிகளை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஆறு குறிப்புகளையும் எழுத ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு ஜாமில் மாட்டாமல் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். ரத்து செய்யும் கருவிக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "பதிவை ரத்து செய்யும். தொலைபேசி எண்ணும் தேதியும் தேவை."

எங்கள் மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். அந்த வரியைப் பார்த்துவிட்டு, நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருவரிடம் இந்தத் துண்டை மட்டும் கொடுத்தால் அவர் சரியாகச் செய்வாரா என்று கேட்டார். நான் பையை மாட்டிக்கொண்டே, "பாஸ், அதுக்குத்தான் மூளை இருக்கே லா, தானா புரிஞ்சிக்கும்" என்றேன். அவரும் பதினொரு வருஷமாக வேலை செய்பவள் சொல்கிறாளே என்று விட்டுவிட்டார்.

அந்தக் கருவிக்குள் நான் எழுதியிருந்தது என்ன தெரியுமா? ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணில் அன்றைக்கு இருக்கும் எல்லாப் பதிவும் ரத்தாகும். ஓர் எண்ணுக்கு ஓர் ஆள் என்று வைத்து எழுதியது. என் சொந்த எண்ணைப் போட்டுத்தான் சோதித்துப் பார்த்தேன். ஒரு ஆள், ஒரு பதிவு, அழகாக ரத்தானது.

ஓர் எண்ணுக்கு ஓர் ஆள் என்பது நம் ஆட்களிடம் கிடையவே கிடையாது. இது தெரியாதவள் எழுதியிருந்தால் மன்னித்துவிடலாம். நான் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவள். எங்கள் லயத்தில் மலாய் படிக்கத் தெரிந்த ஒரு வீட்டுக்காரர்தான் பன்னிரண்டு வீட்டுக்கும் விண்ணப்ப பாரம் நிரப்புவார், போன் பேசுவார், ஆஸ்பத்திரி தேதி வாங்குவார். இன்றைக்கும் பழைய தோட்டங்களில் அப்படித்தான். விபரமான ஆள் ஒருவர் இருந்தால் எல்லாருக்கும் அவர் நம்பர்தான். கிளார்க்கின் பழைய நோட்டிலிருந்து விவரங்களைக் கணினியில் ஏற்றும்போதே, ஒரே எண் ஐந்து நோயாளிகளுக்கு எதிரே இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். "நம்ம ஆளுங்க வேலை" என்று சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அந்த எண் ஓர் அக்காவுடையது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம், இப்போது சுற்றிலும் செம்பனை. லயத்தில் மிச்சமிருக்கும் வீடுகளில் ஒன்றில் அந்த அக்கா இருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையுறை தொழிற்சாலையில் வேலை. அக்காவுக்கு நோய் எதுவும் இல்லை. லயத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஐந்து பேருக்கும் வேன் சொல்லி வைப்பது அவர்தான். யாரும் கேட்டுக் கொடுத்த வேலை இல்லை, தானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

அந்த ஐந்து பேருக்கும் திங்கள், புதன், வெள்ளி முறை. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐவரில் ஒரு மனிதருக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அக்கா அவர் பேரைப் போட்டு, அவர் வார்டில் இருப்பதால் நாளைக்கு அவருக்கு வேன் வேண்டாம், கேன்சல் பண்ணிவிடுங்கள் என்று எழுதினார். ஏஐ நான் கொடுத்த குறிப்பைப் பார்த்தது. ரத்து செய்ய எண்ணும் தேதியும் போதும் என்று இருந்தது. இரண்டும் கையில் இருந்தன. நாளைய பதிவு ரத்து செய்யப்பட்டது, விரைவில் குணமடையட்டும் என்று பணிவாகப் பதில் போட்டது. ஐந்து பேருக்கும் ரத்தானது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே அக்கா தொழிற்சாலை பஸ் ஏறிப் போய்விட்டார். அங்கே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மீதி நான்கு பேரும் ரோட்டோரப் பந்தலில் வேனுக்குக் காத்திருந்தார்கள். ஆறானது, ஏழானது, எட்டானது. வேன் வரவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்களுக்காகக் கேட்கிறவர் தொழிற்சாலைக்குள் இருந்தார். பத்து மணிக்கு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மத்தியானம் மையத்திலிருந்து எங்களுக்குப் போன் வந்தது. மேலாளர் என்னைப் பார்க்கச் சொன்னார். பதிவுகளைத் திறந்தேன். பத்தே நொடி. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, பாஸ், நான் எழுதிய குறிப்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அடுத்த நாற்காலியில் இருந்தவனைப் போன மாதம்தான் ஒரு சின்னத் தவறுக்காக நாள் முழுக்கக் கிண்டல் செய்திருந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? ஒருவர் ஐந்து பேரை ஒரே எண்ணில் பதிந்து வைத்திருக்கிறார், அதனால் வந்த குழப்பம், நம் கையேட்டில் தனித்தனி எண் வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறோம் என்றது. கையேட்டில் அப்படி ஒரு வரி உண்டுதான். மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில். அந்தக் கையேட்டை நோயாளிகள் யாருக்கும் கொடுத்ததே இல்லை.

அன்றைக்கே அறிக்கை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "பயனர் தவறு" என்று போட்டேன். எழுதுமுன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

மையம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மறுநாள் வியாழக்கிழமைக்கு மூன்று இடம் மட்டும் காலியாக இருந்தது. நான்கு பேரில் ஒரு பெண், ஐம்பது வயதுக்காரர், மற்ற மூவரும் போகட்டும், தனக்கு வெள்ளிக்கிழமை முறை இருக்கிறதே என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை பொழுது சாயும்போது அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. உடம்பில் சேர்ந்த தண்ணீர் நுரையீரலுக்கு ஏறிவிட்டதாம். பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள்.

இது வெள்ளிக்கிழமை காலை எங்களுக்குத் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? அவருக்கு முன்னாலேயே உடம்பு மோசமாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே போய் பால் சேர்க்காத ஒரு காப்பி ஓ வாங்கிக் குடித்தேன். வேறு வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை என் மாமியாருக்கு எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் கண் பார்க்கத் தேதி இருந்தது. அவருக்குச் சளி, வேறு நாள் போகலாம் என்றார். நான் கிளினிக்குக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு அப்பாய்ண்ட்மெண்ட் கேன்சல் பண்ணணும்" என்று என் நம்பரைச் சொன்னேன்.

"அக்கா, இந்த நம்பர்ல மூணு பேரு இருக்காங்க லா. யாருக்கு கேன்சல்? அம்மாவா, அப்பாவா, மாமியாரா?"

அந்தப் பெண் "ஹலோ, ஹலோ அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆமாம், என் நம்பரிலும் மூன்று பேர். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மாமியாருக்கும் எல்லா இடத்திலும் என் நம்பர்தான். பாரம் நிரப்பும்போது யோசிக்காமல் போட்டுவிடுவேன். அந்தக் கிளினிக் பெண்ணுக்கு வயது இருபது இருக்கும். யாருக்கு என்று அவள் ஒரு வார்த்தை கேட்டாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கச் சொல்லித்தான் நான் எழுதவில்லை. எழுதாதது மட்டும் என்றால்கூடப் போகட்டும், நான் செய்வதையே செய்த ஒரு பெண்மணியைத் தப்பு செய்தவர் என்று எழுதியும் கொடுத்திருக்கிறேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாவின் பேர் எனக்குத் தெரியும், பட்டியலில் இருந்ததுதானே. வார்டைக் கண்டுபிடித்தேன். கண்ணாடி வழியே பார்த்தபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு ஜெபமாலை தொங்கியது. பக்கத்தில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அதே பெஞ்சில் ஒரு பெண் தொழிற்சாலைச் சட்டையோடு இருந்தார். மடியில் ஒரு பிளாஸ்க். அவரேதான் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"யாரைப் பாக்க வந்தீங்க தங்கச்சி?"

"சொந்தக்காரங்க ஒருத்தர்" என்றேன். பொய்.

"நான் உள்ள இருக்கிற அந்தம்மாவுக்கு கஞ்சி கொண்டு வந்தேன். அவங்க வீட்டுக்காரரு போகட்டும்னு காத்திருக்கேன். என்னைப் பாத்தா ஏசுவாரு."

ஏன் என்று கேட்டேன். கேட்கும்போதே யார் இவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். மையத்திலிருந்து அவர் தப்புதான் என்று சொல்லிவிட்டார்களாம். லயத்தில் எல்லாரும் பார்க்க அந்தக் கணவர் கோயில் முன்னால் நின்று, என் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தாயே, படிக்காதவளுக்கு எதற்கு இந்தப் பெரிய மனுஷி வேலை என்று கத்தினாராம். அவர் லாரி ஓட்டுகிறவர், நல்ல மனுஷர்தான், பயத்தில் கத்துகிறார் என்று அக்காவே அவருக்குப் பரிந்து பேசினார். அப்புறம் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுறீங்க. இதுல நான் எங்க தப்பா சொல்லிருக்கேன்னு பாருங்களேன். பேரு போட்டிருக்கேன். அவருக்கு மட்டும்னு போட்டிருக்கேன். நாளும் போட்டிருக்கேன். மூணு நாளா படிச்சுப் படிச்சுப் பாக்குறேன், எனக்குத் தெரியல. இதுக்கு மேல எப்படி லா தெளிவா சொல்றது?"

ஆபீசில் பத்து முறை பார்த்த அதே செய்தி. அவர் கையில் பார்த்தபோதுதான் முழுதாகப் படித்தேன். யாருக்கு, எந்த நாள், ஏன் என்று எல்லாம் ஒரே வரியில் இருந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு தெளிவாக ஒரு குறிப்பு எழுதியதில்லை.

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். "நல்லாத்தானே எழுதிருக்கீங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிய்த்துப் பாதியை என்னிடம் கொடுத்தார், பாவம், முகமெல்லாம் வாடிக் கிடக்கிறதே என்றார். வாங்கித் தின்றேன். அதை விழுங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திங்கள்கிழமை காலை மேலாளர் வந்ததும் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பொய் சொன்ன நாளில் அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இல்லை அல்லவா என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றே உண்மை தெரிந்திருந்தால் தப்பு நம்முடையது என்று மையத்தைக் கெஞ்சி, நான்காவது ஆளுக்கும் எங்கேயாவது ஓர் இடம் வாங்கியிருப்பேன் என்றார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று முழுக்க நானும் அவரும் உட்கார்ந்து அந்தக் கருவியையும் குறிப்பையும் மாற்றி எழுதினோம். இப்போது அது இப்படி இருக்கிறது: இந்தக் கருவி ஒரு நோயாளியின் ஒரு நாள் பயணத்தை மட்டும் ரத்து செய்யும். ஒரே எண்ணில் பல நோயாளிகள் இருப்பது இங்கே சகஜம், அதனால் எண்ணை மட்டும் வைத்து ரத்து செய்யாதே. முதலில் அந்த எண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார். யாருக்கு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் கேள். ரத்து செய்தபின், யாருக்கு ரத்தானது, யாருக்கு வேன் வரும் என்று இரண்டையும் பேரோடு சொல். டயாலிசிஸ் தவறினால் உயிருக்கு ஆபத்து. சந்தேகம் இருந்தால் எதையும் தொடாமல் ஊழியரிடம் ஒப்படை. எழுதி முடித்து, எதுவுமே தெரியாத கீழ்க்கடைக்காரப் பெண்ணிடம் மேலாளர் படித்துக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. மீதி ஐந்து குறிப்புகளுக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனேன். மேலாளர் கூட வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன்.

கோயில் முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அந்தக் கணவரும் இருந்தார், அந்த அம்மாவும் நாற்காலியில் இருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும், "அட, ஆஸ்பத்திரி தங்கச்சி!" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். அந்தச் சிரிப்போடுதான் நான் பேச வேண்டியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். அக்கா எழுதியதில் ஒரு தப்பும் இல்லை, நான் எழுதியதில்தான் தப்பு, அது தெரிந்தும் அவர்மேல் போட்டுவிட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அந்தக் கணவர் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். என்னை ஒன்றும் சொல்லாமல் அக்காவிடம் திரும்பி, "தங்கச்சி, நான் பேசுனது தப்பும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அந்த அம்மா நாற்காலியில் இருந்தபடியே, தனக்கு ஒன்றும் ஆகவில்லையே, கர்த்தர் காப்பாற்றினார், விடும்மா என்றார்.

அக்கா விடவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"அன்னைக்கு என் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. நான் போனை உங்க கையிலயே குடுத்தேன். அப்பவும் தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சிக்கிட்டே என் பன்னைத் தின்னீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"பத்து நாளா நான் ஒரு உசுரைக் கொல்லப் பாத்துட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். வேலையில கை ஓடல. சரி, இப்ப வந்து சொல்லிட்டீங்க. அந்த சென்டர் போர்டுல ஒட்டி வெச்சிருக்காங்களே, பயனர் தவறுன்னு, அதை என்ன செய்யப் போறீங்க?"

எனக்கு அது தெரியவே தெரியாது. என் அறிக்கையிலிருந்த வரியை எடுத்து, பயனர் ஒருவரின் தவறால் நோயாளிகள் சிரமப்பட்டார்கள், இனி ஒவ்வொருவரும் தனித்தனி எண் தர வேண்டும் என்று மையத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மேலாளர் மையத்துத் தலைவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டிருந்தார். கருவி மாறிவிட்டது, குறிப்பு மாறிவிட்டது, நானும் அவரும் அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிட்டோம். சுவரில் இருந்த காகிதத்தை யாரும் யோசிக்கவில்லை. வருகிற போகிற எல்லாரும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பயனர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை மையம் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். என் பேரைப் போட்டு, நடந்ததை உள்ளபடி தமிழிலும் மலாயிலும் எழுதி, அதே இடத்தில் ஒட்டி வைத்தேன். பேர் அவசியமா என்று கிளார்க் தயங்கினார். அவசியம் என்றேன். அறிக்கையிலும் அந்த இரண்டு வார்த்தைகளை அடித்துவிட்டு என் பேரை எழுதினேன். ஆபீசில் நான் கிண்டல் செய்த பையன் அதைப் படித்தான். கிண்டல் செய்யாமல் தன் வேலைக்குத் திரும்பினான். நானாக இருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

அந்தப் பழிக்குப் பிறகு நிறுத்தியிருந்த அக்கா, மறுபடி ஐந்து பேருக்கும் வேன் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் போய்க் கேட்டதால் இல்லை, லயத்துக்காரர்கள் போய்க் கேட்டதால். என்னிடம் அவர் அதற்குப் பிறகு பேசியதில்லை. ஒருமுறை மையத்தில் எதிரே வந்தபோது தலையை ஆட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

ஆனால் அவர் அனுப்பும் செய்திகள் என் திரையில் வரும். பதிவுகளைச் சரிபார்ப்பது இப்போது என் வேலை, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. முன்பு ஒரே வரியில் எழுதியவர் இப்போது பத்து வரி எழுதுகிறார். ஒருவருக்கு வேண்டாம் என்றால், அவர் பேரை மூன்று முறை போடுகிறார். மற்ற நான்கு பேரையும் வரிசையாக எழுதி, இவர்களுக்கு வேண்டும், இவர்களுக்கு வேன் கட்டாயம் வர வேண்டும் என்கிறார். ஏஐ எல்லாப் பேரையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகும், "வரும்தானே? மறுபடி ஒருக்கா சொல்லுங்க" என்று கேட்கிறார். அந்தப் பத்து வரியில் ஒன்பது வரி நான் அவருக்குக் கொடுத்த பயம் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தலை தானாகக் குனிகிறது.